பீஷான் பார்க்லேர்ந்து மரினா அணைக்கட்டு வரைக்கும்: சிங்கப்பூர் மழைத்தண்ணி ஏற்பாட்டுக்கு ஒரு ரிவியூ

ஹோட்டல், போன், ஏர் ஃப்ரையர்னு எல்லாத்துக்கும் ரிவியூ எழுதறோம், ஆனா வரி கட்டி வாங்கற சர்வீஸுக்கு யாரும் எழுதறதில்ல. அதனால இது மழைத்தண்ணிக்கு. சிங்கப்பூர்ல மழை பெஞ்சா தண்ணி எந்த வழியா எங்க போகுது, வழியில அத எங்கெங்க நிறுத்தி வைக்கறாங்க, நம்ம போன்ல வர்ற எச்சரிக்கை எந்தளவு உதவுது, இதெல்லாத்தையும் ஒரே சர்வீஸா எடுத்துக்கிட்டு எழுதறேன். கால்வாய், அணைக்கட்டு எல்லாம் பியுபி, அதான் பொதுப் பயனீட்டுக் கழகம். பார்க் தேசியப் பூங்காக் கழகம். ஆப்பும் வானிலையும் தேசியச் சுற்றுப்புற வாரியம். பில்லு மட்டும் நமக்கு. 2011லேர்ந்து வடிகால் வேலைக்கு மட்டும் 200 கோடி வெள்ளிக்கு (வெள்ளின்னா சிங்கப்பூர் டாலர்) மேல செலவாகியிருக்கு, அதனால கொஞ்சம் கறாரா பாக்கறதுல தப்பில்ல.

மொதல்ல பீஷான் – அங் மோ கியோ பார்க். ஸ்மார்ட் சிட்டின்னு சொன்னாலே எல்லாரும் சுவர் முழுக்க ஸ்கிரீன் வச்ச கன்ட்ரோல் ரூமத்தான் நினைச்சுக்கறாங்க, என்னக் கேட்டா அந்த ஆசையோட வர்றவங்கள மொதல்ல இங்க தான் கூட்டிட்டு வரணும், ஏன்னா இங்க பாக்கறதுக்கு ஸ்கிரீனே கிடையாது, புல்லு, கல்லு, ஒரு ஆறு, அவ்ளோதான். 62 ஹெக்டேர் பார்க், நடுவுல காலாங் ஆறு ஓடுது. ஆனா 2009 வரைக்கும் அத ஆறுன்னு சொன்னா யாரும் நம்பியிருக்க மாட்டாங்க. 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேரா போற கான்கிரீட் கால்வாய், ஓரத்துல பார்க், பார்க்ல இருக்கறவங்களுக்கும் தண்ணிக்கும் சம்பந்தமே இருக்காது. கால்வாய்க்கு வயசாயிடுச்சு, கொள்ளளவையும் கூட்டணும், பார்க்கும் பழசாயிடுச்சு. அப்ப சாதாரணமா என்ன பண்ணுவாங்க, கான்கிரீட்ட உடச்சுட்டு இன்னும் அகலமா கான்கிரீட் போடுவாங்க. இங்க ரெண்டு வேலையையும் ஒண்ணா சேர்த்து கால்வாயையே எடுத்துட்டு ஆத்த பார்க்குக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு ஓட விட்டாங்க. 2012 மார்ச்ல திறந்தாங்க, செலவு சுமார் 7.6 கோடி வெள்ளி. 2.7 கிலோமீட்டரா இருந்தது இப்ப 3.2.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச கணக்கு அகலம் தான். பழைய கால்வாய் 17லேர்ந்து 24 மீட்டர். இப்ப சாதாரண நாள்ல சின்ன ஓடை மாதிரி தான் ஓடும், பசங்க காலு நனைச்சுட்டு இருப்பாங்க, ஆனா பெரிய மழை வந்தா ரெண்டு பக்க சரிவுலயும் ஏறி கிட்டத்தட்ட 100 மீட்டர் வரைக்கும் விரியும். கொள்ளளவு 40 சதவீதம் கூடுச்சுன்னு சொல்றாங்க. அதாவது மழை இல்லாதப்ப மனுசனுக்கு, மழை வந்தா தண்ணிக்கு, ஒரே இடம். கரையில கான்கிரீட் இல்லாம மண்ணு எப்படி நிக்குதுன்னு கேக்கலாம். செடி வேரு, கல்லு, மண்ண பிடிச்சுக்கற துணி மாதிரி விரிப்பு, குச்சிக் கட்டு, இப்படி ஒரு பத்து முறைய 2009ல ஒரு 60 மீட்டர் நீளத்துல வச்சு டெஸ்ட் பண்ணி பாத்துட்டு, இந்த வெயிலுக்கும் மழைக்கும் எது தாங்குதோ அத தான் ஆறு முழுக்க போட்டாங்க. உடச்ச கான்கிரீட்டையும் தூக்கிப் போடல, அத அடுக்கி ஒரு மேடு கட்டியிருக்காங்க, மேல ஏறி நின்னா பார்க் நல்லா தெரியும். நீர்நாய் வேற குடி வந்துச்சு. பீஷான் குடும்பம்னு பேரே வச்சு ஊரே ஃபாலோ பண்ணுச்சு, இங்க வந்தும் அதப் பத்தி தெரியாதவங்க கம்மி.

சரி டெக்னாலஜி எங்கன்னு கேப்பீங்க. இருக்கு, கண்ணுக்கு உறுத்தாம இருக்கு. தண்ணி மட்டத்த பாக்கற சென்சார், தண்ணி ஏறினா எரியற எச்சரிக்கை லைட்டு, சைரன், ஸ்பீக்கர்ல அறிவிப்பு, அப்புறம் தண்ணி எது வரைக்கும் ஏறலாம்னு காட்டற சிவப்பு அடையாளம், கூடவே மிதவை வளையம். மேல்பக்கம் மழை பலமா பிடிச்சா கரையில உக்காந்திருக்கறவங்க எழுந்து மேட்டுக்கு நடக்கணும், அவ்ளோ தான் அதோட வேலை. இங்க தான் ஒண்ண கவனிக்கணும். சைரன் கத்துனதும் ஓடறதுக்கு ஒரு சரிவு இருக்கு, கொழந்த கூட நடந்து ஏறிடலாம். பழைய கால்வாய்ல செங்குத்தா சுவர், அங்க எத்தன சைரன் வச்சாலும் உள்ள மாட்டுனவன் மாட்டுனவன் தான். சென்சார் பழுதாகலாம், சரிவு பழுதாகாது. வரிசை இது தான்: மொதல்ல இடத்த விட்டாங்க, அப்புறம் சென்சார் வச்சாங்க. நெறைய ஊர்ல இத தலகீழா பண்ணி காசு போட்டிருக்காங்க, கம்பத்துல சென்சார் இருக்கும், தண்ணி போக வழி இருக்காது, வெள்ளம் வந்ததும் எத்தன அடின்னு கரெக்டா சொல்லும்.

பார்க்குக்கு 5க்கு 5. யோசிக்கவே வேணாம்.

ஆனா இதே பீஷான்ல, பார்க்லேர்ந்து ரொம்ப தூரம் இல்ல, 2017 அக்டோபர் 7 அன்னிக்கு பெரிய மழையில எம்ஆர்டி, அதான் மெட்ரோ ரயில், அதோட சுரங்கத்துக்குள்ள தண்ணி போச்சு. பீஷான் ஸ்டேஷனுக்கும் பிரேடல் ஸ்டேஷனுக்கும் நடுவுல. சுரங்க வாய்ல மழைத்தண்ணிய பிடிச்சு வெளிய தள்ளறதுக்கு தொட்டி இருக்கு, பம்ப் இருக்கு, தண்ணி ஏறினா தானா ஓட வைக்கற மிதவை ஸ்விட்ச் இருக்கு. எல்லாம் இருந்தும் பம்ப் ஓடல. சுமார் 20 மணி நேரம் ரயில் சரியா ஓடல. அப்புறம் விசாரிச்சா, பராமரிப்பு செஞ்சதா கையெழுத்து மட்டும் இருக்கு, வேலைய செய்யவே இல்ல, மாசக்கணக்கா. ரயில் நடத்தற கம்பெனிக்கு 19 லட்சம் வெள்ளி அபராதம். சிங்கப்பூர்னா எல்லாம் பக்கான்னு வாட்ஸப்ல ஃபார்வர்டு பண்றவங்க இந்த ஒரு சம்பவத்தையும் சேர்த்து அனுப்பணும். தானா ஓடற மெஷினு எத்தன வச்சாலும் அத போய் தொட்டு பாக்கற ஆளு ஒருத்தர் வேணும், அந்த ஆளு நெசமாவே போனாரான்னு பாக்கற இன்னொருத்தரும் வேணும். இதுக்கு ஆப் கிடையாது.

அதே எம்ஆர்டில பாராட்ட வேண்டியது ஒண்ணு இருக்கு, தினமும் போறோம் வர்றோம், பாதிப்பேரு கவனிச்சிருக்க மாட்டாங்க. சுரங்க ஸ்டேஷனுக்குள்ள எறங்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு படி மேல ஏறிட்டு தான் கீழ போவோம். ரோட்டுல தண்ணி நின்னா உள்ள எறங்கக் கூடாதுன்னு வாசல உசத்தி வச்சிருக்காங்க. கரண்ட் வேணாம், சிக்னல் வேணாம், ஒரு மேடு. இந்த மாதிரி சமாச்சாரத்துக்கு யாரும் ரிப்பன் வெட்டறதில்ல.

ஆர்ச்சர்ட் ரோடு கதைய சொல்லாம இந்த ரிவியூ முடியாது. 2010 ஜூன் 16, காலையில ரெண்டு மணி நேரத்துல 100 மில்லிமீட்டர் கிட்ட மழை, ஊர்லயே பளபளன்னு இருக்கற ஷாப்பிங் தெருவுல பேஸ்மென்ட் கடையெல்லாம் தண்ணி. அப்ப ஆறு கடல்ல சேர்ற எடத்துல கட்டின மரினா அணைக்கட்டு திறந்து ரெண்டு வருஷம் கூட ஆகல, அதனால கடல அடைச்சதால தான் இப்படின்னு ஊரு முழுக்க பேச்சு. அப்புறம் நிபுணர் குழு போட்டு பாத்தாங்க, அணைக்கட்டு காரணம் இல்லன்னு சொல்லிட்டாங்க. கட்டடம் நெறைஞ்சு மண்ணு மூடிப்போச்சு, ஓடி வர்ற தண்ணி கூடிப்போச்சு, அந்தத் தெரு தண்ணிய கொண்டு போற ஸ்டாம்ஃபோர்டு கால்வாய்க்கு அத தாங்கற அகலம் இல்ல. ஆர்ச்சர்ட் ரோட்ட தோண்டி கால்வாய பெருசாக்கறது நடக்கற காரியமா? அதனால மேல்பக்கமே தண்ணிய பிடிச்சுட்டாங்க. பொட்டானிக் கார்டன் பக்கத்துல பஸ் பார்க்கிங்குக்கு அடியில 38,000 கன மீட்டர் தொட்டி, கூடவே 2 கிலோமீட்டர் நீளத்துக்கு திருப்பி விடற கால்வாய், அது தண்ணிய சிங்கப்பூர் ஆத்துக்கு கொண்டு போயிடும். ரெண்டும் 2018ல முடிஞ்சது. மேல பஸ் நிக்குது, கீழ தொட்டி இருக்குன்னு சொன்னா தான் தெரியும். வெள்ளம் வந்து எட்டு வருஷம் ஆச்சேன்னு கேக்கலாம், கேக்கணும், நடுவுல 2011 டிசம்பர்லயும் ஆர்ச்சர்ட் ரோட்டுல தண்ணி ஏறுச்சு. ஆனா ஊரு நடுவுல இவ்ளோ பெரிய குழி தோண்டறது எட்டு வருஷத்துல நடந்ததே பெரிய விஷயம்னு தான் எனக்கு தோணுது.

இதோட சேர்ந்து வந்த ஒரு விதி இருக்கு, அது தான் இந்த மொத்த ஏற்பாட்டுல கம்மியா பேசப்பட்ட சரக்கு. 2014 ஜனவரிலேர்ந்து 0.2 ஹெக்டேர், நம்ம கணக்குல அரை ஏக்கர், அதுக்கு மேல எவன் புதுசா கட்டினாலும் தன் இடத்துல விழற மழையோட வேகத்த தானே குறைச்சு தான் பொதுக் கால்வாய்ல விடணும். அடியில தொட்டி கட்டுவியோ, தண்ணிய உறிஞ்சி மெதுவா விடற மழைத் தோட்டம் போடுவியோ, உன் இஷ்டம். கால்வாய அகலப்படுத்தறது அரசாங்கம் வேலைன்னு உக்காந்திருந்த பில்டருங்க எல்லாரும் இப்ப டிசைன் போடறப்பவே தண்ணிய பத்தி யோசிச்சாகணும். காண்டோ, அதான் தனியார் அபார்ட்மென்ட், அதோட விளம்பரத்துல நீச்சல் குளம் வரும், இந்த தொட்டி வராது.

இப்ப அணைக்கட்டு. பீஷான்ல நீங்க காலு நனைச்ச தண்ணி காலாங் ஆறு வழியா எறங்கி, காலாங் பேசின் வந்து, கடைசியா நிக்கற எடம் மரினா நீர்த்தேக்கம். சிங்கப்பூரோட ஆறுல ஒரு பங்கு நிலத்துல விழற மழை, 10,000 ஹெக்டேர், இங்க தான் வருது. 2008 அக்டோபர் 31 திறந்தாங்க, 22.6 கோடி வெள்ளி. அப்ப பிரதமரா இருந்த லீ குவான் இயூ 1987லயே இந்த யோசனைய சொல்லிட்டார், அதுக்கு முன்னாடி பத்து வருஷமா சிங்கப்பூர் ஆத்தயும் காலாங் ஆத்தயும் சுத்தம் பண்ணிட்டு இருந்தாங்க, அழுக்கு ஆத்த அடைச்சா சாக்கடை குளம் தானே ஆகும்.

வேலை செய்யற விதம் ரொம்ப எளிசு. கடலுக்கும் ஆத்துக்கும் நடுவுல 350 மீட்டர் தடுப்பு, அதுல 9 இரும்பு கதவு. மழை பெருசா வந்து அந்த நேரம் கடல் தணிஞ்சிருந்தா கதவ எறக்கி விடுவாங்க, தண்ணி தானா கடலுக்கு போயிடும், காசில்லாத வேலை. கடல் ஏறியிருந்தா கதவ தொறக்க முடியாது, தொறந்தா கடலு உள்ள வரும். அப்ப 7 ராட்சச பம்ப். ஒவ்வொண்ணும் ஒரு செகண்டுக்கு 40 கன மீட்டர், ஒரு ஒலிம்பிக் நீச்சல் குளத்த ஒரு பம்பே ஒரு நிமிஷ சுமாருக்குள்ள காலி பண்ணிடும். சைனாடவுன், போட் கீ, ஜாலான் புசார், கேலாங் இந்த தாழ்வான பகுதி எல்லாம் இதால தான் பொழைச்சுது, ஜாலான் புசார்னா நம்ம லிட்டில் இந்தியாவுக்கு அடுத்த தெரு தான். முன்னாடி மழையும் கடல் ஏத்தமும் ஒரே நேரத்துல வந்தா அங்கெல்லாம் தண்ணி நிக்கும். கூடவே குடிக்க தண்ணி வேற கிடைச்சுது, 2010 நவம்பர் வாக்குல உப்பு போயி நல்ல தண்ணி ஆயிடுச்சு. வெள்ளத்த தடுக்க கட்டினதா, தண்ணிப் பஞ்சத்துக்கு கட்டினதான்னு கேட்டா ரெண்டுக்கும் தான், மேல பட்டம் விடறதுக்கும் தான்.

பட்டம் நெசம் தான். பம்ப் ஹவுஸ் கூரை முழுக்க புல்லு, சுத்தி சுத்தி ஏறிப் போலாம், சாயங்காலம் குடும்பம் குடும்பமா பட்டம் விடுவாங்க. பட்டம் விட்டுட்டு இருக்கற ஆளுக்கு காலுக்கு கீழ ஊரோட பெரிய பம்ப் இருக்குன்னு தெரியுமான்னு தெரியல, தெரியாம இருக்கறது தான் நல்ல டிசைன்னு சிலர் சொல்வாங்க, எனக்கு அதுல சம்மதம் இல்ல. பொது ஜனத்துக்கு தெரிஞ்சா தான் பராமரிப்புக்கு காசு குறைச்சா ஏன்னு கேப்பான். உள்ள இலவச கண்காட்சி இருக்கு, அத யாரும் தவற விடாதீங்க, பசங்கள கூட்டிட்டு போனா இன்னும் நல்லது. மதியம் போகாதீங்க, கூரையில நிழல் சுத்தமா கிடையாது. 5க்கு 4, நிழலுக்கு ஒரு மார்க் கட்.

கடைசியா கையில இருக்கறது. மைஎன்வ் ஆப்பும் பியுபியோட டெலிகிராம் சேனலும், ரெண்டும் இலவசம். ஆப்ல மழை மேப், உங்க ஏரியாவுக்கு அடுத்த ரெண்டு மணி நேரத்துக்கு என்ன நிலவரம், புகைமூட்டம், டெங்கு எந்த புளோக்குல இருக்குன்னு எல்லாம் ஒரே இடத்துல. துணி காயப் போடறதுக்கு முன்னாடி மழை மேப்ப பாக்கறவங்க இங்க நெறைய. டெலிகிராம்ல பலத்த மழை எச்சரிக்கை வரும், எந்தெந்த ரோட்டுல திடீர் வெள்ளம் வரலாம், அடுத்த ஒரு மணி நேரத்துக்கு இந்த இடத்த தவிருங்கன்னு லிஸ்ட் வரும், தண்ணி வடிஞ்சா அதையும் சொல்வாங்க. பின்னாடி வேலை பெருசு. ஊரு முழுக்க கால்வாய்ல மட்டம் பாக்கற சென்சார், கேமரா, மழை மேகத்த அரை மணி நேரம் முன்னாடி கணிக்கற குட்டி ரேடார். அரை மணி நேரம் தானான்னு தோணும். இங்க மழை புயல் மாதிரி ரெண்டு நாள் முன்னாடி சொல்லிட்டு வராது, வெயில் அடிச்சுட்டு இருக்கும்போதே மேகம் கட்டி கொட்டிட்டு போயிடும், அந்த மழைக்கு அரை மணி நேரம்ங்கறது தங்கம். தடுப்பு பலகைய வண்டியில ஏத்திட்டு ஆளுங்க கிளம்பறதுக்கு போதும்.

ரெண்டு விஷயம் இடிக்குது. ஒண்ணு, வரலாம்னு வர்ற எச்சரிக்கையில பாதிக்கு மேல ஒண்ணும் நடக்காம மழை விட்டுடும், அது அவங்க தப்பில்ல, கணிப்புன்னா அப்படித்தான், ஆனா ஜனங்க மியூட் பண்ணிடறாங்க. எனக்கு மட்டும் என் ரோடு, என் ஆபீஸ் ரோடுன்னு தேர்ந்தெடுத்து டெலிகிராம்லயே வாங்கற மாதிரி இருந்தா மியூட் கம்மியாகும். ரெண்டாவது, டெலிகிராம்ல வர்றது இங்கிலீஷ்ல தான். மழையில முதல்ல மாட்டறது யாரு, ரோட்டுலயும் கால்வாய்லயும் சைட்லயும் வேலை பாக்கற நம்ம தம்பிங்களும் பங்களாதேஷ் தம்பிங்களும் தான். தமிழ் இங்க ஆட்சி மொழி வேற. அந்த மெசேஜ்ல மாறறது ரோட்டு பேரும் நேரமும் மட்டும் தான், அத நாலு மொழியில அனுப்ப ராக்கெட் விடற அறிவு வேணாம். ஆப், அலர்ட் சேர்த்து 3.5.

இவ்ளோ இருந்தும் வெள்ளம் வராதான்னா, வருது. 2021 ஏப்ரல் 17 புக்கிட் தீமாவுல கால்வாய் பொங்கி காரெல்லாம் நின்னு போச்சு. ஒரு மணி நேரத்துல முக்காவாசி வடிஞ்சுடும், அது தான் வித்தியாசம். 1970கள்ல 3,200 ஹெக்டேர் வெள்ள அபாய பகுதியா இருந்தது இப்ப 30 ஹெக்டேருக்கும் கீழ வந்திருக்கு, இதுக்கு மேல முழுசா பூஜ்யம் ஆக்கணும்னா ஊரையே கால்வாயா தோண்டணும், அத பியுபிகாரங்களே ஒத்துக்கறாங்க.

ஊர்ல இருக்கறவங்க இத படிச்சுட்டு சென்னையில ஏன் பண்ணலன்னு கேப்பீங்க. நேர்மையா சொல்லணும்னா பாதி தான் ஒத்துவரும். இங்க வருஷத்துக்கு 2,400 மில்லிமீட்டர் வாக்குல பெய்யுது, சென்னையில 1,400 தான், ஆனா இங்க வருஷம் பூரா பிரிச்சு பெய்யுது, ரெண்டு மணி நேரம் கொட்டும், நிக்கும், தொட்டி காலியாகும், அடுத்த மழைக்கு ரெடி. சென்னையில அக்டோபர்லேர்ந்து டிசம்பருக்குள்ள பெரும்பாலும் முடிஞ்சுடும், 2015 மாதிரி விடாம பெஞ்சா ஸ்டாம்ஃபோர்டு தொட்டிய போல பத்து இருந்தாலும் மொத நாளே ரொம்பிடும். அப்புறம் இங்க நெலம் சுமார் 90 சதவீதம் அரசாங்கத்துக்கிட்ட. ஆத்த 100 மீட்டர் அகலமாக்கறேன்னா பார்க்க தோண்டுனா போதும், அடையாத்துல அத பண்ணணும்னா யாரோட வீட்ட எடுப்பீங்கங்கறது தான் மொத கேள்வி, அதுல எப்பவும் ஏழை வீடு தான் போகும். தூக்கிட்டு போகலாம்னா அந்த அரை ஏக்கர் விதிய தூக்கிட்டு போலாம், ஐடி பார்க்கும் அபார்ட்மென்ட்டும் தன் தண்ணிக்கு தானே பொறுப்புன்னு.

அணைக்கட்டுக்கு போனீங்கன்னா கடல் பக்கம் பாத்து நின்னு ஒரு விஷயத்த யோசிங்க. தீவுல சுமார் 30 சதவீதம் கடல் மட்டத்துலேர்ந்து 5 மீட்டருக்குள்ள. கடல் ஏற ஏற, கதவ சும்மா தொறந்து விடற நேரம் கம்மியாகும், பம்ப் ஓடற நேரம் கூடும். அதனால அணைக்கட்டோட எதிர் முனையில இன்னொரு பம்ப் ஹவுஸ் வேணும்னு 2019லயே அப்ப பிரதமரா இருந்த லீ சியன் லூங் சொன்னார், கடலோரத்துக்கு 100 வருஷத்துல 10,000 கோடி வெள்ளி ஆகலாம்னும் அதே பேச்சுல சொன்னார். ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் கடல மேடாக்கி சுமார் 800 ஹெக்டேர்ல 'லாங் ஐலண்ட்' வரப்போகுது, அதுலயும் கதவு, பம்ப், நடுவுல நீர்த்தேக்கம், அதே ஃபார்முலா. அதுக்கு ரிவியூ எழுத நாம இருப்போமான்னு தெரியல.

போறவங்களுக்கு: பீஷான் பார்க்குக்கு பீஷான் ஸ்டேஷன்லேர்ந்தோ அங் மோ கியோலேர்ந்தோ நடந்துடலாம், காலையில போங்க, நீர்நாய் தெரிஞ்சா கிட்ட போகாதீங்க, குட்டி இருந்தா கடிக்கும். அணைக்கட்டுக்கு கார்டன்ஸ் பை த பே ஸ்டேஷன்ல எறங்கி நடங்க, கண்காட்சி செவ்வாய்க்கிழமை லீவு. பட்டம் வீட்டுலேர்ந்தே எடுத்துட்டு போயிடுங்க.